சீட்டுக்கு அடியில் ஒரு மேழி

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெட்டிகளில் முக்கால்வாசி தங்கமணி கொடுத்த லிஸ்ட் சாமான்கள். மிச்சமிருந்த கைப்பையில் நான் செருகி வைத்தது ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே கொஞ்சம் ரப்பர் வளையங்கள், இரண்டு கேஸ்கட், ஒரு செட் பிஸ்டன் ரிங். ஹீத்ரோவில் பையைத் திறந்து பார்த்த பெண்மணி "இது என்ன?" என்றார். "அப்பாவின் டிராக்டருக்கு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த சாக்லேட் மூட்டையையும் பார்த்துவிட்டு, போ என்று கை காட்டினார்.

அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு நூறு வருஷக் கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். காபியோடு உட்காருங்கள்.

எங்கள் ஊர் வெதுருகுப்பம். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில், பச்சிகாபல்லம், கார்வேட்டிநகரம் பக்கம். தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். மூங்கில்குப்பம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் நாங்கள் யாரும் சொன்னதில்லை. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்தப் பக்கமெல்லாம் வட ஆர்க்காடு. 1953-இல் ஆந்திரா பிரிந்தது. 1960-இல் படாஸ்கர் சொன்னபடி எல்லைக்கோடு மறுபடி நகர்ந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நாங்கள் அந்தப் பக்கமே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, அப்பாவைக் கூப்பிடுவது நைனா.

மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. ஏரிப் பாசனத்துக்குக் கீழே நல்ல நஞ்சை உண்டு. மேலே ஏறினால் செம்மண், பரல், அதற்குள் தலை காட்டாத கல். நிலக்கடலை போடுகிற மேட்டு நிலத்தில் ஒவ்வொரு உழவுக்கும் புதிதாகக் கல் முளைக்கும். எங்கள் வரப்பெல்லாம் தாத்தா காலத்தில் பொறுக்கிப் போட்ட கல்தான். தாத்தா மாட்டு ஏர் ஓட்டுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வலது கை மேழியில் சும்மா வைத்ததுபோல இருக்கும். கொழு கல்லில் தட்டியதும் அந்தக் கை லேசாக மேலே போகும், கலப்பை கல்லைத் தாண்டும், கை திரும்ப அழுத்தும். பேச்சு நிற்காது, மாடும் நிற்காது. அது ஒரு வித்தை என்று அப்போது எனக்குத் தெரியாது.

சரி, டிராக்டருக்கு வருவோம். நைனா 1986-இல் கடன் போட்டு வாங்கியது மாசி 1035. (மாஸி பெர்குசன் என்பதுதான் முழுப் பெயர். எங்கள் பக்கம் எல்லோருக்கும் அது மாசி. மாசி மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின், 35 குதிரை. எஞ்சின் இன்றைக்கும் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். தொந்தரவெல்லாம் லிஃப்ட்டில்தான்.

டிராக்டர் பக்கம் போகாதவர்களுக்கு: டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதிலிருந்து பின்பக்கமாக இரண்டு கைகள் நீளும். கலப்பையைத் தூக்குவதும் இறக்குவதும் அந்தக் கைகள்தான். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வதால் ஹைட்ராலிக் லிஃப்ட். எங்கள் வண்டியில் எஞ்சின் ஓடும்வரை கலப்பை மேலே நிற்கும். நிறுத்தினால் மெதுவாக இறங்க ஆரம்பிக்கும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கொழு தரையில் குத்தி நிற்கும்.

மெதுவாக இறங்கினால் பரவாயில்லை. 1998-இல் ஒரு நாள் மெதுவாக இறங்கவில்லை. மாமா ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் உட்கார்ந்து ஒரு கொத்தின் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ ஒரு சீல் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. வலது காலில் இரண்டு விரல் போனது. மாமா அதைப் பெரிதுபடுத்துகிறவர் இல்லை, "செருப்பு வாங்கறதுதான் கஷ்டம்" என்பார். அப்போது சரி செய்த லிஃப்ட் 2024-இல் மறுபடி இறங்க ஆரம்பித்தது. தம்பி, "காயலான் கடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்" என்கிறான். நைனா முடியாது என்கிறார். தம்பி மகனுக்கு ஆறு வயது. அவன் கோலி விளையாடுகிற இடம் டிராக்டர் கொட்டகை.

நான் இருப்பது கோவென்ட்ரியில். கார் கம்பெனியில் ஆணி பிடுங்குகிற வேலை. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பேனர் லேன் என்று ஒரு சாலை. புது வீடுகள், சின்னப் பூங்கா, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். வார இறுதியில் நானும் தங்கமணியும் அந்தப் பக்கம் நடக்கப் போவதுண்டு. ஐந்து வருஷம் அப்படி நடந்த பிறகுதான், பழைய டிராக்டர் கண்காட்சி ஒன்றில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் சொல்லித் தெரிந்தது: எங்கள் வீட்டு மாசியின் பாட்டன் பிறந்தது அந்த வீடுகள் இருக்கிற இடத்தில். அவர் இளவயதில் அங்கே வேலை பார்த்தவர். எனக்கு நிஜமாகவே புல்லரித்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கதை.

ஹாரி பெர்குசன் 1884-இல் வட அயர்லாந்தில், டவுன் கவுண்டியில், டிராமோர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு விவசாயம் பிடிக்காது. பெல்ஃபாஸ்ட்டில் மெக்கானிக் கடை, மோட்டார் பந்தயம், பிறகு விமானம். 1909 டிசம்பர் 31 அன்று தானே கட்டிய விமானத்தில் பறந்தார். அயர்லாந்தில் முதல் விமானப் பயணம் அதுதான். நிலத்தைவிட்டு ஓடியவரை முதல் உலகப் போர் திரும்ப நிலத்துக்கே இழுத்து வந்தது. 1917-இல் சாப்பாட்டுத் தட்டுப்பாடு. அயர்லாந்து விவசாயத் துறை அவரைக் கூப்பிட்டு, ஊர் ஊராகப் போய் அங்கே இருக்கிற டிராக்டர்களை ஒழுங்காக வேலை செய்ய வைக்கச் சொன்னது. கூடப் போனவர் வில்லியம் சாண்ட்ஸ் என்ற அவருடைய மெக்கானிக். பெயரைக் கவனியுங்கள். பின்னால் வந்த வடிவமைப்பில் பெரும்பங்கு சாண்ட்ஸ் கைவேலை. டிராக்டர் மீது ஏறியது முதலாளி பெயர்தான்.

அங்கே அவர்கள் பார்த்தது என்ன? அந்தக் காலத்து டிராக்டர் வெறும் இரும்பு மாடு. கலப்பையைப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும். கலப்பை கல்லில் மாட்டினால் மாடு நின்றுவிடும். எஞ்சின் நிற்காது. பின்சக்கரம் நகர முடியாத நிலையில் எஞ்சின் சுழற்ற முயன்றுகொண்டே இருந்தால், சக்கரத்துக்குப் பதில் வண்டியே அச்சைச் சுற்றிச் சுழலும். முன்பக்கம் எழும்பும், டிரைவர் தலைமேல் மல்லாந்து விழும். கண் மூடித் திறக்கிற நேரம். அந்த நாள் ஃபோர்ட்சன் டிராக்டர்கள் இப்படிக் கவிழ்ந்து பலபேரைக் கொன்றிருக்கின்றன. டவுன் கவுண்டியும் கல் நிலம்தான். வயலைச் சுற்றிப் பொறுக்கிப் போட்ட கல்லில் சுவர் எழுப்பியிருப்பார்கள், எங்கள் வரப்பு மாதிரியே.

பெர்குசன் கேட்ட கேள்வி எளிமையானது. கலப்பையும் டிராக்டரும் ஏன் இரண்டு சாமானாக இருக்க வேண்டும்? கலப்பையை டிராக்டரின் உடம்போடு சேர்த்துவிட்டால் என்ன? பல வருஷம் அதையும் இதையும் செய்து பார்த்து அவர்கள் வந்து சேர்ந்த இடம் மூன்று இணைப்பு: கீழே இரண்டு கை, மேலே ஒரு கம்பி. மேலே இருப்பதை நம் ஊரில் இன்றும் டாப் லிங்க் என்றுதான் சொல்கிறோம். உழும்போது கலப்பை முன்னால் கவிழப் பார்க்கும். அப்போது டாப் லிங்க் வண்டியை முன்பக்கமாகத் தள்ளும். வண்டி மல்லாக்க எழும்ப முயன்றால் கலப்பையே அதை அமுக்கிப் பிடிக்கும். கொக்கியில் இழுத்தபோது ஆளைக் கொன்ற விசை, இப்போது ஆளைக் காப்பாற்றுகிற பக்கம் திரும்பிவிட்டது.

இதில் ஒரு சிக்கல். கலப்பையை வண்டியோடு இறுக்கிக் கட்டிவிட்டால், முன்சக்கரம் மேடு ஏறும்போது கொழு ஆழமாகப் போகும், பள்ளத்தில் இறங்கும்போது வெளியே வந்துவிடும். கலப்பைக்கு ஒரு சின்னச் சக்கரம் மாட்டி ஆழத்தைக் கட்டுப்படுத்தலாம். மற்றவர்கள் அதைத்தான் செய்தார்கள். பெர்குசன் பிடிவாதமாக வேண்டாம் என்றார். அந்தச் சக்கரம் எடையைத் தான் சுமந்துகொள்ளும், டிராக்டரின் பின்சக்கரத்துக்கு வர வேண்டிய பிடிமானம் போய்விடும்.

அப்போதுதான் அந்த யோசனை. கலப்பை ஆழமாகப் போனால் மண் அதிகமாக எதிர்க்கும், டாப் லிங்க் அதிகமாகத் தள்ளும். அந்தத் தள்ளலையே செய்தியாக எடுத்துக்கொண்டால்? டாப் லிங்கின் நுனியில் ஒரு பலமான ஸ்பிரிங். தள்ளல் கூடினால் ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கினால் உள்ளே ஒரு நெம்புகோல் அசைந்து எண்ணெய் வால்வைத் திறக்கும். பம்ப் எண்ணெயை அனுப்பும், கைகள் கலப்பையை ஒரு விரற்கடை தூக்கும். எதிர்ப்பு குறைந்ததும் ஸ்பிரிங் விரியும், கலப்பை திரும்ப இறங்கும். டிரைவர் எதையும் தொட வேண்டாம். கல்லில் பலமாக முட்டிக்கொண்டால் எடை பின்சக்கரத்திலிருந்து விடுபட்டு, சக்கரம் சும்மா சுற்றும். வண்டி எழும்பாது. இதற்கு 1925-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள்.

எனக்கு இதைப் படித்ததும் தாத்தாவின் கைதான் ஞாபகம் வந்தது. மேழியில் சும்மா கிடந்த அந்தக் கையை அயர்லாந்துக்காரர்கள் இரண்டுபேர் ஒரு இரும்புப் பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள்.

1933-இல் கறுப்பு வண்ணம் அடித்த மாதிரி டிராக்டர் ஒன்றைக் கட்டினார்கள். 1936-இல் டேவிட் பிரவுனோடு கூட்டுச் சேர்ந்து பெர்குசன் பிரவுன். வண்டி நல்ல வண்டி, ஆனால் விலை அதிகம், ஆயிரத்துச் சொச்சம்தான் செய்தார்கள். பிறகு பெர்குசன் ஒரு டிராக்டரைக் கப்பலேற்றிக்கொண்டு அமெரிக்கா போனார். 1938 இலையுதிர் காலத்தில் டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டின் வீட்டு நிலத்தில் உழுது காட்டினார். அதற்குப் பிறகு ஒரு மேஜையை வெளியே போடச் சொல்லி, சாவி கொடுத்து ஓடும் பொம்மை டிராக்டர் ஒன்றை வைத்து விளக்கினார். எழுபத்தைந்து வயது ஃபோர்டும் ஐம்பத்து மூன்று வயது பெர்குசனும் அங்கேயே கை குலுக்கினார்கள். ஃபோர்டு டிராக்டர் செய்வார், பெர்குசன் வித்தையைக் கொடுப்பார், விற்பார். காகிதம் கிடையாது. வக்கீல் கிடையாது. ஆட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

1939 ஜூனில் ஃபோர்டு 9என் வெளிவந்தது. அந்தக் கூட்டில் மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் டிராக்டர்கள் ஓடின. பிறகு நடந்ததை நம் ஊர்ப் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரியவர் ஃபோர்டு 1947 ஏப்ரலில் செத்துப்போனார். பேரன் ஹென்றி ஃபோர்டு கணக்குப் பார்த்தார், கம்பெனிக்கு இந்த ஏற்பாட்டில் நஷ்டம் என்றார், கைகுலுக்கல் செல்லாது என்றார். அதே வருஷம் அதே லிஃப்ட்டோடு 8என் என்று சொந்தமாக ஒரு டிராக்டரை விட்டார். பெர்குசன் 1948-இல் வழக்குப் போட்டார். கேட்ட தொகை 25 கோடி டாலர், பிறகு இன்னும் கூட்டினார். நாலு வருஷம் இழுத்து, 1952 ஏப்ரலில் 92.5 லட்சம் டாலருக்குச் சமாதானம் ஆனது. பணத்தைவிட எனக்குப் பிடித்தது அந்தச் சமாதானத்தின் இன்னொரு நிபந்தனை. பம்புக்குள் எண்ணெய் நுழைகிற பக்கத்தில் வால்வை வைக்கிற பெர்குசன் முறையை ஃபோர்டு அந்த வருஷக் கடைசிக்குள் நிறுத்திவிட வேண்டும்.

எல்லோரும் பம்ப் எண்ணெயைத் துப்புகிற பக்கத்தில்தான் வால்வு வைப்பார்கள். அப்படி வைத்தால் பம்ப் ஓயாமல் எண்ணெயைச் சுற்றவிட்டுச் சூடேற்றும். பெர்குசன் ஆட்கள் உறிஞ்சுகிற வாயிலேயே வால்வை வைத்தார்கள். வேலை இல்லாதபோது பம்ப் சுழலும், ஆனால் குடிக்காது. அவ்வளவு சின்ன விஷயம். அதற்கு ஒரு கோர்ட்டு. அந்த ஏற்பாடுதான் வெதுருகுப்பத்தில் எங்கள் கொட்டகையில் நிற்கிற வண்டியிலும் இருக்கிறது.

ஃபோர்டோடு உறவு கெடுவதற்கு முன்பே இங்கிலாந்தில் வேறு ஏற்பாடு ஆகியிருந்தது. போரில் விமான எஞ்சின் செய்த பேனர் லேன் தொழிற்சாலை காலியாக இருந்தது. ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அங்கே பெர்குசனுக்காக 1946-இல் டிஇ20 செய்ய ஆரம்பித்தது. சாம்பல் வண்ணம் என்பதால் இங்கே அதை இன்றும் செல்லமாக "சின்னச் சாம்பல் ஃபெர்கி" என்கிறார்கள். 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல். அதில் சிலவற்றைத்தான் எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவம் வரை ஓட்டிக்கொண்டு போனார். (எவரெஸ்ட் ஏறினவருக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாதா என்ன.)

1953-இல் பெர்குசன் தன் கம்பெனியைக் கனடாவின் மாஸி ஹாரிஸுக்குக் கொடுத்துவிட்டார். விலை பேசும்போது பத்து லட்சம் டாலர் வித்தியாசம் வந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்க்கலாம் என்றார்கள். பெர்குசன் தோற்றார். பத்து லட்சம் டாலரைச் சிரித்துக்கொண்டே விட்ட அதே மனுஷர்தான் ஒரு வால்வுக்காக நாலு வருஷம் கோர்ட்டில் நின்றவர்.

அடுத்து வந்தது எம்எஃப் 35. சிவப்பு வண்ணம். அதுதான் எங்கள் 1035-க்கு நேர் அப்பா. 1960-இல் சென்னையில், சிம்சன் அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் மாஸி பெர்குசனோடு சேர்ந்து டாஃபே தொடங்கியது, செம்பியத்தில் தொழிற்சாலை. சிம்சன் 1840-இல் சென்னையில் குதிரை வண்டி கட்டிய கம்பெனி. அதே 1960 அக்டோபரில் பெர்குசன் இறந்துபோனார். எங்கள் எல்லைக்கோடு நகர்ந்ததும் அதே வருஷம். இதற்கெல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, ஆனால் எல்லாவற்றின் விளைவும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

கோவென்ட்ரி தொழிற்சாலை 2003-இல் மூடப்பட்டது. செம்பியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாஸி பெர்குசன் பெயரை வைத்திருந்த அமெரிக்க ஆக்கோ கம்பெனிக்கும் டாஃபேக்கும் 2024-இல் உறவு முறிந்தது, மறுபடி வழக்கு. 2025 ஜூலையில் சமாதானம். இந்தியா, நேபாளம், பூடான் மூன்றிலும் அந்தப் பெயர் இனி டாஃபேயுடையது. கைகுலுக்கலில் ஆரம்பித்த பெயருக்குக் கோர்ட்டு ராசி போகவே இல்லை.

இனி கொட்டகைக்குப் போவோம்.

எங்கள் மெக்கானிக்கை ஊரில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். கனுப்பொங்கல் கழிந்த மறுநாள் வந்தார். நான் பெருமையாக என் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். பாய் ரப்பர் வளைய உறையை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது லூதியானா சரக்கு. சித்தூர்ல கிடைக்குமே."

நிஜம்தான். உறையின் பின்பக்கம் "மேட் இன் இந்தியா" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இங்கிலாந்தில் பவுண்ட் கொடுத்து வாங்கி, ஐயாயிரம் மைல் திரும்பச் சுமந்து வந்திருக்கிறேன். நைனா அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பாய் முதலில் செய்தது எதையும் கழற்றாமல் எண்ணெயைப் பார்த்தது. இந்த வண்டியில் கியர் பெட்டிக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே எண்ணெய்தான். அடியில் வடித்தபோது பால் காபி நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. சேடை ஓட்டும்போதும் மழையில் நிற்கும்போதும் கியர் லீவர் ரப்பர் கிழிந்த வழியாக இறங்கியிருக்கும். "லிஃப்ட்டைக் கெடுக்கறது வயசு இல்லண்ணா, தண்ணி" என்றார் நைனாவிடம். தொண்ணூறு சதவீதம் கோளாறு எண்ணெயைக் கவனிக்காததால்தானாம். சதவீதம் பாயுடையது.

அடுத்து, கலப்பையைத் தூக்கி, அடியில் இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் எவரையும் கிட்டே விட்டார். கட்டைக்குச் சற்று மேலேயே கலப்பை தொங்க, பெட்டியின் பக்க மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். எஞ்சினை நிறுத்தியதும், சிலிண்டர் வாய்ப்பக்கம் எண்ணெய் வழிவது தெரிந்தது. பம்பிலிருந்து இல்லை. அது நல்ல சேதி. பம்பு என்றால் நாலு சின்ன பிஸ்டன், வால்வு என்று செலவு எகிறும்.

சீட்டைக் கழற்றினார். பம்பிலிருந்து சிலிண்டருக்குப் போகும் குழாயைக் கழற்றினார். மேல்மூடி போல்ட்டுகள். அந்த மூடி இரண்டு ஆள் தூக்கினாலும் முரண்டு பிடிக்கும் கனம், அதன் வயிற்றில்தான் சிலிண்டர், பிஸ்டன், நெம்புகோல் எல்லாம் தொங்குகிறது. கொட்டகை உத்தரத்தில் செயின் பிளாக் கட்டி மெல்ல ஏற்றினார்கள். உள்ளே பார்த்தபோது எனக்கு வந்த உணர்ச்சியைச் சொன்னால் சிரிப்பீர்கள். படத்தில் மட்டும் பார்த்திருந்த அத்தனையும் அப்படியே இருந்தது. பிஸ்டன் ரிங் ஒன்று உடைந்து இரண்டாகக் கிடந்தது. 1998-இல் யாரோ போட்ட ரப்பர் வளையம் நைந்து நூலாகியிருந்தது. டீசலில் கழுவி, லூதியானா சரக்கைப் போட்டு, சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒட்டாமல் போய் வருகிறதா என்று கையால் தள்ளிப் பார்த்தார்.

மூடியை இறக்குவதுதான் வித்தை. மூடியிலிருந்து தொங்கும் செங்குத்து நெம்புகோல், கீழே பம்ப் வால்வின் உருளைக்குச் சரியான பக்கத்தில் போய் உட்கார வேண்டும். தவறினால் லிஃப்ட் வேலை செய்யாது. கண்ணுக்குத் தெரியாத இடம். பாய் பக்க மூடி வழியாக முழங்கை வரை கையை விட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "இறக்கு, இறக்கு, நில்லு" என்றார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத அறிவு. சாண்ட்ஸுக்கு அது இருந்திருக்கும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பாய் பின்பக்கம் போய் டாப் லிங்க் மாட்டுகிற ஸ்பிரிங்கைப் பிடித்து ஆட்டினார். கடகடவென்று ஆடியது.

"அண்ணா, இதை என்னைக்காவது ஓட்டியிருக்கீங்களா?" என்று சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு லீவர்களில் ஒன்றைக் காட்டினார்.

"அது எதுக்கு? ஒண்ணுலயே தூக்குது, இறங்குது."

முப்பத்தெட்டு வருஷம். தூக்க இறக்க ஒரு லீவர். இன்னொன்று மண்ணைத் தடவிப் பார்த்துத் தானாக ஆழம் பார்க்கிற லீவர். ஹாரி பெர்குசன் வாழ்க்கை முழுக்கப் பாடுபட்டது அந்த இரண்டாவதுக்குத்தான். அது மேலே பெயின்ட்கூடத் தேயாமல் இருந்தது. நைனா மட்டுமில்லை, எங்கள் பக்கம் பாதிப்பேர் அப்படித்தான். வண்டி விற்ற கடையில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதியிருந்த கைப்புத்தகம் இங்கிலீஷில் இருந்தது.

பாய் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை இறுக்கிச் சரிசெய்தார். மறுநாள் விடியற்காலை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போனோம். முதல் சாலில் நைனா பழையபடி ஓட்டினார். திரும்பும்போது நான் சொன்னபடி இரண்டாவது லீவரை மாற்றினார். முப்பதடி போயிருப்பார். வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் திரும்பிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார்.

"மறுபடி கெட்டுப்போச்சுடா. கை தானா ஏறுது, தானா இறங்குது!"

பாயும் நானும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அது கெடவில்லை, அதுதான் வேலையே என்று புரிய வைக்க அடுத்த சால் முழுக்க நான் மட்கார்டில் உட்கார்ந்து போக வேண்டியிருந்தது (செய்யக்கூடாது, தெரியும்). கல் தட்டும் இடத்தில் எல்லாம் கைகள் ஒரு விரற்கடை எழும்பி, தாண்டி, திரும்ப இறங்கின. நைனா உழுவதை விட்டுவிட்டுப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டினார், சால் கோணலாகப் போனது.

அன்று மாலை கலப்பையைத் தூக்கி நிறுத்தி, கொட்டகைத் தூணில் சாக்குக்கட்டியால் கோடு போட்டோம். காலையில் பார்த்தால் அசையவில்லை.

கோவென்ட்ரி திரும்பி ஒரு மாதம் கழித்து நைனாவோடு போனில் பேசினேன். கோடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ராத்திரிக்கு ரெண்டு விரற்கடை இறங்குது. பாய்கிட்ட சொன்னேன். நாப்பது வருஷ வண்டிக்கு அது கணக்கே இல்லைங்கறான்."

"கீழ யாராவது…"

"கட்டை முட்டுக் குடுத்துட்டுதான்டா நிறுத்தறேன். உங்க மாமா தினம் சாயங்காலம் வந்து கட்டை இருக்கான்னு பாத்துட்டுப் போறான்."